ஷண்முகப்ரியாவின் லேப்டாப்

பச்சைத் தேயிலை கிலோ எட்டு ரூபாய்க்கு இறங்கிய அந்த வருஷம், கோத்தகிரி பஜாரில் நாஜ்னீனின் செல்ஃபோன் கடைக்கு வாரத்துக்கு ஒருவராவது லேப்டாப்பை விற்க வந்தார். முன்பக்கம் வியாபாரத்தை அவள் பார்த்துக்கொள்வாள். பின்னால் ஒரு மேஜை போட்டு அவள் கணவர் அபுபக்கர் ரிப்பேர் செய்வார்.

வந்தவர்கள் பெரும்பாலும் ஓர் ஏக்கர், அரை ஏக்கர் தேயிலை வைத்திருந்தவர்கள். இலைக்கு நல்ல விலை இருந்தபோது பிள்ளைகளைக் கோயம்புத்தூர்ப் பக்கம் இன்ஜினியரிங் சேர்த்து, லேப்டாப்பும் வாங்கிக் கொடுத்தவர்கள். முதல் சில மாதங்கள் அவரவர் சொன்ன கஷ்டத்தையெல்லாம் நாஜ்னீன் காதுகொடுத்துக் கேட்டாள். சாப்பிட உட்கார்ந்தாலும் அந்தப் பேச்சே நினைவுக்கு வந்தது. பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். எப்போது வாங்கியது, பில் இருக்கிறதா, சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கிறது. அவ்வளவுதான் விசாரிப்பாள்.

ஆறுக்குட்டி ஆவணியில் ஒரு மழை நாளில் வந்தார். அரவேணுவில் ஒன்றேகால் ஏக்கர்காரர். உரச்சாக்கைக் கிழித்து அதில் லேப்டாப்பைச் சுற்றியிருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, இத எடுத்துக்குவீங்களா?"

பில்லில் முப்பத்தாறாயிரம் என்று இருந்தது. வாங்கி இரண்டு வருஷம்.

"பதினோராயிரம் தரலாங்கண்ணா."

"ஒரு கீறல் இல்லீங்களே."

"கீறல் இல்லாததுனாலதான் பதினொண்ணு. இதவிட நல்லதே இப்பப் புதுசா இருபத்தஞ்சுக்குக் கெடைக்குதுங்க."

அவர் மழைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெண் கடைசி வருஷம் படிக்கிறாள், ஃபீஸ் கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்களாம் என்றார்.

"ஒரு மூணு மாசம் விக்காம வெச்சிருங்க அம்மிணி. இலை வெலை ஏறுச்சுன்னா நானே வந்து எடுத்துக்கறேன்."

இப்படிக் கேட்டவர்கள் எல்லோரிடமும் முடியாது என்றுதான் சொல்லியிருந்தாள். இவரிடம் மட்டும் சரி என்றாள். ஏனென்று அவளுக்கே தெரியவில்லை. வந்த எல்லா லேப்டாப்புக்கும் செய்வதுபோல அபுபக்கர் அன்று சாயங்காலமே அதையும் ஃபார்மட் செய்து, ஓரமாக எடுத்து வைத்தார்.

மூன்று மாதம் கழித்து இலை ஒன்பது ரூபாய். ஆறுக்குட்டி வந்து லேப்டாப் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனார்.

அதற்குள் கடையில் முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. விற்க வந்தார்களே தவிர வாங்க ஆளில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே கொடுத்தது. மற்றவர்கள் கையில் பெரிய ஃபோன் வந்துவிட்டது. கோயம்புத்தூர் மொத்த வியாபாரி ஒவ்வொரு மாதமும் ஃபோனில் புது விலை சொல்வார். நாஜ்னீன் பழைய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதி ஒட்டுவாள். வாங்கிய விலைக்குக் கீழே போகிறது என்று முதலில் கை தயங்கியது. பிறகு தயங்கவில்லை.

உரம் வாங்க வரும்போதெல்லாம் ஆறுக்குட்டி எட்டிப் பார்ப்பார்.

"இப்ப எவ்வளவுங்க?"

"ஏழாயிரங்கண்ணா. இலை?"

"எட்டரைங்க."

நல்லா இருக்கீங்களா என்று கேட்டுக்கொள்வதுபோல இரண்டு பேரும் இதைக் கேட்டுக்கொண்டார்கள். மூன்று மாதக் கெடுவைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்த புரட்டாசியில் விலை நாலாயிரத்து ஐந்நூறு. ஆறுக்குட்டி சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்தார்.

"அவ்வளவு இருக்குதுங்க."

நாஜ்னீன் ஸ்டூலில் ஏறி லேப்டாப்பை இறக்கி, தூசியைத் துடைத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"கொண்டுபோய் யாருகிட்டக் குடுக்கறதுங்க? அது அப்பவே படிப்ப விட்டுருச்சு. பதினொண்ணு போக இன்னும் இருபதாயிரம் கட்டணும்னாங்க. பொரட்ட முடீலீங்க. இப்பத் திருப்பூருல பனியன் கம்பெனில இருக்குது. ஒரு வருசம் ஆகப்போவுது."

"இத்தன நாளாச் சொல்லவே இல்லீங்களேண்ணா."

"நீங்களும் கேக்கலீங்களே அம்மிணி."

குறையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நோட்டுகளைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு உரக்கடைப் பக்கம் நடந்தார். நாஜ்னீன் லேப்டாப்பின் மேல் கையை வைத்தபடி நின்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ஒருவர் ரீசார்ஜ் கேட்டு வந்தார். செய்து கொடுத்தாள்.

பொங்கல் லீவில் ஒரு பெண் வந்து ஃபோனுக்குக் கண்ணாடி ஒட்டச் சொன்னாள். ஒட்டி முடித்த பிறகும் அவள் போகவில்லை.

"அக்கா, அரவேணு ஆறுக்குட்டி பொண்ணுங்க நானு. ஷண்முகப்ரியா. என் லேப்டாப்பு இங்க இருக்குதுன்னு அப்பா சொன்னாரு. அதுல என் ப்ராஜெக்ட் இருந்துச்சுங்க. ஒரு பென்டிரைவுல எடுத்துத் தர முடீங்களா?"

பென்டிரைவைக் கையில் தயாராக வைத்திருந்தாள்.

"வாங்குன அன்னைக்கே எல்லாத்தையும் அழிச்சுட்டோம்மா."

"எல்லாமேங்களா?"

"ஆமா. எதுலயுமே எதையும் வெக்கிறதில்ல."

"பரவால்லீங்க்கா. சும்மாதான் கேட்டேன்."

நாஜ்னீன் லேப்டாப்பை இறக்கி, சார்ஜரைச் சொருகிக் காட்டினாள். திரையில் வெறும் நீலம். ஷண்முகப்ரியா இரண்டு எழுத்துகளைத் தட்டிப் பார்த்துவிட்டு மூடினாள்.

"நீயே எடுத்துட்டுப் போ. காசு வேண்டாம்" என்றாள் நாஜ்னீன். சொன்ன பிறகுதான் தான் அப்படிச் சொன்னது அவளுக்கு உறைத்தது. பின்மேஜையிலிருந்து அபுபக்கர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"வேண்டாங்க்கா. ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்குப் பன்னெண்டு பேரு. வெக்க எடமில்ல."

கண்ணாடிக்கு நூறு ரூபாயை எண்ணி வைத்துவிட்டு, நாலு மணி மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

மாசியில் கோயம்புத்தூர் வியாபாரி வேன் அனுப்பினார். எது எப்படி இருந்தாலும் ஒன்றுக்கு இரண்டாயிரம் என்று பேச்சு. விற்றது போக மீதியிருந்த இருபத்தெட்டு லேப்டாப்புகளையும் நாஜ்னீனும் அபுபக்கரும் அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக் கொடுத்தார்கள். எது யாருடையது என்று அவள் பார்க்கவில்லை. இனி லேப்டாப் வாங்குவதில்லை என்று முடிவாயிற்று. காலியான அலமாரியை ஈரத்துணியால் துடைத்து, மறுநாள் ஃபோன் கவர்களைத் தொங்கவிட்டாள்.