தள்ளுறதுதான்

பஞ்சடைத்த மஞ்சள் சூரியன் பொம்மை மடியில் வந்து விழுந்ததில் மிலுங்காவின் காப்பி பாதி கொட்டிப்போயிற்று. சூரியனுக்குக் கண், மூக்கு, ஈயென்ற சிரிப்பு எல்லாம் இருந்தது. அது யார் கையில் இருக்கிறதோ அவர்கள் தம் மனசு எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது. தையல் கூடத்துப் பெண்கள் அத்தனை பேரும் சாப்பாட்டு அறையில் வட்டமாக நாற்காலி போட்டு, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், பல் பிடுங்கக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மொராவா ஆறு ஓரங்களில் உறைந்து கிடந்தது. உள்ளேயும் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. சுவரில் புதிதாக ஒட்டிய படத்தில் ஒரு பெண் கம்பளிச் சட்டையோடு கோப்பையைக் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் அறையைச் சூடாக்கும் கொதிகலன் வேலை செய்கிறது போலிருக்கிறது.

"மிலுங்காம்மா, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள் சான்யா.

கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் அந்தத் தொழிற்சாலைக்கு சான்யா வந்து சேர்ந்தது அந்த இலையுதிர்காலத்தில்தான். வெளிநாட்டு முதலாளிகள் 'குளிர்கால ஊழியர் நலத் திட்டம்' என்று ஒன்றைக் கண்டுபிடித்து, அதை நடத்த அவளை அனுப்பியிருந்தார்கள். அப்பா அம்மா இந்தப் பக்கத்துக்காரர்கள்தான், ஆனால் பெண் பிறந்து வளர்ந்தது வியன்னாவில். சாப்பிடு, தூங்கு, குல்லாய் போட்டுக்கோ என்பதையெல்லாம் அட்சரசுத்தமாகச் சொல்வாள். அதைத் தாண்டினால் தடுமாறுவாள். திட்டத்தில் இந்த சூரியன் தவிர, வெயிலுக்குப் பதிலாக வெள்ளையாய் எரிகிற ஒரு விளக்கும், புதன்கிழமைதோறும் ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழமும் உண்டு. முன்பெல்லாம் குளிர்காலம் வந்தால் தொழிற்சங்கம் விறகும் கறிக்குப் பாதிப் பன்றியும் வாங்கிக் கொடுத்தது. இப்போது ஆரஞ்சு. தேசாங்கா என்கிற வாயாடி, பழம் வாங்கிய முதல் நாளே, "இதை எந்த அடுப்புல போட்டு எரிக்கிறது தாயே?" என்று கேட்டுவிட்டாள்.

மிலுங்காவுக்கு இந்தக் கூத்தெல்லாம் ஆகாது. அவள் கூடத்துத் தலைவி. தைத்த உறையை விரலால் தடவியே பிசகைக் கண்டுபிடித்துத் திருப்பி எறிபவள். கூடத்தில் அவளைப் பிடித்தவர்கள் ஒருவரும் இல்லை. அவளுக்கும் அது தெரியும், அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. கொதிகலனில் பாதி செத்துப்போய், கூடத்தின் ஒரு பக்கத்துக் குழாய்கள் ஐஸாக இருக்கின்றன என்று தினமும் காலையில் மேலாளர் ப்ரெத்ராக்கின் அறைக்குப் போய் மேசையைத் தட்டுகிறவளும் அவள்தான். அது மட்டும் கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. சொல்லிக்கொண்டு திரிகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"ஏதோ, தள்ளுறதுதான்" என்று சொல்லிவிட்டு சூரியனைப் பக்கத்து மடியில் போட்டாள்.

அந்த ஊரில் நலம் விசாரித்தால் அதுதான் பதில். கல்யாண வீட்டிலும் அதுதான், கருமாதியிலும் அதுதான். நன்றாக இருக்கிறேன் என்று யாராவது சொன்னால்தான், இவளுக்கு என்ன வந்தது என்று திரும்பிப் பார்ப்பார்கள். சூரியன் கை மாறிக் கை மாறிப் போயிற்று. "தள்ளுறதுதான்." "என்னத்தைச் சொல்ல, தள்ளுறதுதான்." "எல்லாரையும் போலத்தான், தள்ளுறதுதான்." சான்யாவின் கண்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தன. வியன்னாவில் அவள் அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் எப்படி இருக்கிறாய் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை போலும். கடைசியாக அவள் மெல்லக் கேட்டாள்.

"இங்க யாரு தள்ளுறாங்க?"

ஒரு கணம் ஒருவருக்கும் புரியவில்லை. பிறகு தேசாங்காவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. கோட்டுக் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "யாரு, எங்க தலைவிதான்!" என்றாள். வட்டம் மொத்தமும் கொல்லென்று சிரித்தது. சான்யா மட்டும் சிரிக்கவில்லை. மிலுங்காவும் சிரிக்கவில்லை. ஆனால் இதில் பயப்பட ஒன்றும் இல்லை என்று நினைத்தாள், அதுதான் அவள் செய்த முட்டாள்தனம்.

அடுத்த வாரம் ப்ரெத்ராக்கின் அறைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அந்த அறையில் மட்டும் சட்டையோடு உட்காரலாம், அவ்வளவு கதகதப்பு. சான்யா எதிரில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் பெண்களைப் பிடித்துத் தள்ளுவதாகத் தெரியவந்திருக்கிறது, தலைமை அலுவலகத்துக்கும் சொல்லியாயிற்று என்றாள். பாவம், தான் ஏதோ நல்ல காரியம் செய்வதாகவே அந்தப் பெண் நம்பினாள்.

"அட என் தலையெழுத்தே! அது சும்மா பேச்சும்மா. காலம் தள்ளுறது. நாள் தள்ளுறது. யாரும் யாரையும் தள்ளல" என்றாள்.

"பாதிக்கப்பட்டவங்க சொல்றதை சும்மா பேச்சுன்னு சொல்லக் கூடாதுங்க."

"இதோ உங்க மேலாளர் இங்கயே பொறந்தவர். அவரைக் கேளு. ப்ரெத்ராக், வாயைத் திறந்து சொல்லுய்யா!"

ப்ரெத்ராக் சன்னலைப் பார்த்தான். காலையில் வரும்போது வாசல் காவலாளியிடம் அவனே "தள்ளுறதுதான் அண்ணே" என்று சொல்லிவிட்டு வந்திருப்பான். ஆனால் தினமும் தன் மேசையைத் தட்டும் கை ஒன்று இனித் தட்டாது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "ஒரு வார்த்தைக்கு ஒரே அர்த்தமா இருக்கும், மிலுங்கா? கூடத்துல இருக்கிற ஒருத்தங்களையே கேட்டுருவோம்" என்றான், தேன் ஒழுக. கூப்பிட்டு அனுப்பியது யாகோதாவை.

யாகோதா என்றதும் மிலுங்கா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே பேருந்தில் வருகிறவர்கள். யாகோதாவின் இடம் கூடத்தின் கோடியில், சரக்கு லாரி வந்து நிற்கும் இரும்புக் கதவை ஒட்டினாற்போல் இருக்கும் கனத் தையல் மெஷின். லாரிக்குக் கதவைத் தூக்கும்போதெல்லாம் எதிர்ச் சன்னலுக்கும் கதவுக்கும் நடுவே காற்று பாயும். குறுக்குக்காற்று. பல்வலி, இடுப்புவலி, மலட்டுத்தனம் எல்லாவற்றுக்கும் அந்த ஊரில் அதுதான் காரணம், அதை மறுத்துப் பேசிய டாக்டரிடம் யாரும் மறுபடி போவதில்லை. போன குளிர்காலத்தில் யாகோதாவுக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. முக்கால்வாசி சரியாகிவிட்டது, சிரித்தால் மட்டும் இடது ஓரம் இறங்கும். இந்த வருஷம் முதல் பனி விழுந்த அன்று அவள் வந்து, "என்னை அந்தக் கதவுகிட்டேர்ந்து மாத்து மிலுங்கா. ஒரு வார்த்தை சொல்லு, போதும்" என்று கேட்டாள். அந்த மெஷினில் அவளைப் போல வேகமாகத் தைக்க வேறு ஆள் இல்லை. "துணியைக் கழுத்துல சுத்திக்க" என்று சொல்லிவிட்டு மிலுங்கா அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

யாகோதா அந்தத் துணியைச் சுற்றிக்கொண்டுதான் அறைக்குள் வந்தாள். சான்யா அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, பயப்பட வேண்டாம் என்று சொல்லி, அந்தப் பெண்மணி உங்களைத் தள்ளினதுண்டா என்று கேட்டாள். யாகோதா சான்யாவைப் பார்த்தாள், ப்ரெத்ராக்கைப் பார்த்தாள், விஷயம் என்ன என்பது அவளுக்கு நொடியில் விளங்கிவிட்டது. அது விளங்குவதை மிலுங்காவும் பார்த்தாள். சொல்லித் தொலையேன்டி, ஒரு வார்த்தைதானே என்று மனசுக்குள் கெஞ்சினாள். ஆயுசில் யாரிடமும் கெஞ்சாதவள்.

"ஆமா," என்றாள் யாகோதா. "கதவுப் பக்கம் தள்ளினது அவதான்."

பொய் என்று சொல்ல மிலுங்காவால் முடியவில்லை. தலைவிப் பதவி அன்றைக்கே போயிற்று. வேலையை விட்டு அனுப்பவில்லை, திட்டத்தின்படி இரண்டாவது வாய்ப்பு ஒன்று தர வேண்டுமாம். புதிய தலைவி யாகோதா. பாதிக்கப்பட்டவர்களைக் கைதூக்கி விடுவதும் திட்டத்தில் உண்டு.

சாயங்காலம் உடை மாற்றும் அறையில் மிலுங்கா அவளை வழிமறித்தாள். "அது வெறும் பேச்சுன்னு உனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் வாய்ல இருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?"

"நானும்தான் உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேன்" என்றாள் யாகோதா, பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே.

"என் தோள்பட்டை எப்படியிருக்குன்னு தெரியுமில்ல? பென்ஷன் வரைக்கும் ஓட்டணும்டி. உன் மெஷின்ல என்னை உக்கார வெச்சா இந்தக் குளிர்காலம் முடியறதுக்குள்ள என் கை போயிரும்."

"துணியைச் சுத்திக்க."

மறுநாள் காலை கனத் தையல் மெஷினின் மேல் மிலுங்காவின் பெயர் ஒட்டியிருந்தது. யாகோதா வேறு யாரையாவது போட்டிருக்கலாம். போட மாட்டாள் என்பது கூடத்துக்கே தெரியும். மூன்று மடிப்புத் தோலை ஊசிக்கடியில் தள்ளும் ஒவ்வொரு தடவையும் மிலுங்காவின் தோளுக்குள் ஏதோ நறநறத்தது. கதவு கடகடவென்று மேலே ஏறும்போது காற்று பனித்தூளோடு வந்து பிடரியில் அறைந்தது. ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. ப்ரெத்ராக்கின் மேசையைத் தட்ட ஆளில்லாததால் கொதிகலனின் மிச்சப் பாதியும் இருமத் தொடங்கியது. பெண்கள் அதற்கும் மிலுங்காவையே திட்டினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், புதன்கிழமை வட்டங்கள் அதற்குப் பிறகு அமோகமாக நடந்தன. அந்த வார்த்தை என்ன செய்யும் என்று எல்லாரும் பார்த்துவிட்டார்கள். சான்யாவிடம் போய் அதன் அர்த்தத்தைச் சொல்ல ஒருத்திக்கும் மனசு வரவில்லை. கையில் ஒரு கத்தி கிடைத்திருக்கும்போது அதைத் திருப்பிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? இப்போது தலைவியாகிவிட்ட யாகோதாவின் காதில் விழும்படி அந்த வார்த்தையைச் சொல்லவும் எவளும் துணியவில்லை. சூரியன் கைக்கு வந்ததும், "நல்லா இருக்கேன்", "ரொம்ப நல்லா இருக்கேன்" என்று சொல்லி, விறைத்த விரல்களால் அடுத்தவளிடம் எறிந்தார்கள். மிலுங்கா முறை வந்தால் மட்டும் தேசாங்கா அதை அவளைத் தாண்டி வீசிவிடுவாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. திட்டம் பலன் தந்துவிட்டதாக சான்யா தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். மிச்சமுள்ள கிளைகளிலும் இதையே செய்யப்போகிறார்களாம்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு புதன்கிழமை. அன்று காலையிலிருந்து மிலுங்காவுக்கு வலது கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. மணிக்கொரு லாரி வந்தது. ஒரு தடவை அவள் எழுந்து போய், "யாகோதா, ஒரு மணி நேரம் வேற யாரையாவது உக்கார வையேன்" என்று கேட்டும்விட்டாள். யாகோதா தைத்த உறை ஒன்றை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "கதவுகிட்ட ஆள் வேணும்ல" என்றாள். அப்படியே மிலுங்காவின் குரல், மிலுங்காவின் விரல். மிலுங்காவுக்கு அவள் தலைமுடியைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

மத்தியானம் வட்டம் கூடியது. தேசாங்கா வழக்கம் போலத் தாண்டி வீசப் போனவள், என்ன நினைத்தாளோ, குறும்பாக மிலுங்காவையும் யாகோதாவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சூரியனை நேராக மிலுங்காவின் மடியில் போட்டாள். நாற்காலிகளின் கிறீச்சொலி நின்றது.

"மிலுங்காம்மா!" சான்யாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சொல்லுங்க. எப்படி இருக்கீங்க?"

எதிரில் யாகோதா உட்கார்ந்திருந்தாள். அவள் கை கழுத்துத் துணியை மேலே இழுத்து வாயின் இடது ஓரத்தை மூடியது. கண்களை எடுக்கவில்லை. கெஞ்சவும் இல்லை. அந்த வார்த்தையைச் சொன்னால், இங்க யாரு தள்ளுறாங்க என்று சான்யா கேட்பாள். கேட்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது.

மிலுங்கா குனிந்து மடியைப் பார்த்தாள். குளிர்காலம் முழுக்கக் கை மாறியதில் சூரியனின் மஞ்சள் அழுக்கேறிப் போயிருந்தது. சிரிப்பின் ஒரு ஓரத்தில் தையல் பிரிந்து, வாய் கீழே தொங்கி, உள்ளிருந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. எந்தப் பக்கத்தில் பிரிந்திருக்கிறது என்று அவள் பார்த்தாள். மட்டமான தையல், முடிச்சுக்கூடப் போடாமல் விட்டிருக்கிறார்கள். கட்டைவிரலால் பஞ்சை உள்ளே அழுத்தினாள். விரலை எடுத்ததும் அது மறுபடி வெளியே வந்தது.

கூடத்தின் கோடியில் கதவு கடகடவென்று மேலே ஏறத் தொடங்கியது. குளிர் தரையோடு ஊர்ந்து வந்து எல்லாருடைய கணுக்காலையும் தொட்டது. மிலுங்கா பிரிந்த இடத்தைக் கட்டைவிரலால் மறுபடி அழுத்திப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, வாயைத் திறந்தாள்.