செவ்வாய்க்கிழமைத் தாகம்

...அப்பாடா, சொல்லித் தொலைத்தாயிற்று, ஒன்றும் ஆகவில்லை, வேலை போகவில்லை, இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்துக் கையெழுத்துப் போட்ட காகிதம் பைக்குள்ளே இருக்கிறது, பேருந்து நிறுத்தம் வருவதற்குள் மூன்று தடவை தொட்டுப் பார்த்துவிட்டேன், பைத்தியக்காரி, ஓடியா போய்விடும்? காலையில் இதே சாலையில் வரும்போது, ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறதே, வீட்டுக்காரர் வேலை இல்லாமல் நாலு மாதமாக வீட்டில் இருக்கிறார், என் வேலையும் போனால் எந்த முகத்தோடு வீட்டுக்குத் திரும்புவது என்று... இப்போது பார், வெயில்கூட இதமாகத்தான் இருக்கிறது.

யோசித்தால் சிரிப்புத்தான் வருகிறது. கடல் கடந்து வந்த கம்பெனி, நம் வீடுகளுக்குத் தோதாகத் தண்ணீர் வடிகட்டும் மெஷின் செய்வதற்கென்றே இங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடம் திறந்தது, நாலு தெரு, தெருவுக்குப் பத்து வீடு, வீட்டுக்கு ஒரு மெஷின் இனாம், யார் ஒரு டம்ளர் பிடித்தாலும் உள்ளே இருக்கும் சிப் அதைத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போய் விசாரிப்பது என் வேலை, செவ்வாய் முதல் தெரு, புதன் இரண்டாம் தெரு... ஆறு மாதத்து விவரத்தையும் போன வாரம் கணினியில் வரைபடமாகப் போட்டபோதுதான் தலை சுற்றியது, முதல் தெரு செவ்வாய்க்கிழமை மட்டும் தண்ணீர் குடிக்கிறது, இரண்டாம் தெரு புதன்கிழமை மட்டும், மற்ற நாளில் ஒருவருக்கும் தாகமே எடுப்பதில்லை! மெஷின்தான் பழுதோ என்று நினைத்தேன், அப்புறம்தான் உறைத்தது. தையல்கார அக்கா வீட்டில் ஓரம் தைத்த துணியை அதன்மேல் போர்த்தியிருப்பாள், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் துணியை உருவிவிட்டு ஒரு டம்ளர் பிடித்து நீட்டுவாள், வாத்தியார் வீட்டில் மெஷினோடு வந்த பிளாஸ்டிக் தாளையே இன்னும் உரிக்கவில்லை, எல்லாம் என் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது, பட்டு என்ன பிரயோசனம்? ஏன் அக்கா போர்த்தி வைத்திருக்கிறீர்கள் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். "தினமும் போட்டா தேஞ்சுபோயிடாதா? வெளிநாட்டுச் சாமானாச்சே. எங்களுக்குக் கொதிக்க வச்ச தண்ணியே போதும், இது நீங்க வந்தா குடுக்க." அடக் கடவுளே! வாராவாரம் 'திருப்தியாகப் பயன்படுத்துகிறார்கள்' என்று எழுதிக் கொடுத்தவள் நான் அல்லவா?

மேனேஜர் நல்ல மனிதர்தான், பூசி மெழுகுவதில் மட்டும் மன்னன். "ஏம்மா இதைப் போய்ப் பெருசு பண்றே? வாரச் சராசரின்னு ஒரே கோடாப் போட்டுக் காட்டிடு, ஹெட் ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கிற அந்தம்மா ரெண்டு நாள்ல ஊருக்குக் கிளம்பிடுவாங்க." நானும் தலையாட்டினேன், கோடும் போட்டேன், அழகான கோடு, நாற்பது வீடும் நாள் தவறாமல் குடிப்பதுபோல். ஆனால் இன்றைக்கு மீட்டிங்கில் தலைமை அலுவலகத்து அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, ஆகா, ஆராய்ச்சிக்கூடத்துக்கு இரண்டாம் மாடியையும் வாடகைக்கு எடுத்துவிடலாம், இன்னும் நானூறு வீட்டுக்கு மெஷின் கொடுக்கலாம் என்று சொன்னாளா, எனக்கு நானூறு மெஷினும் நானூறு போர்வையும்தான் தெரிந்தது, வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது. அவர்கள் குடிப்பதில்லை, எனக்குத்தான் கொடுக்கிறார்கள் என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன், மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. நாற்பது வீட்டிலுமா என்றாள் அந்த அம்மாள். நாற்பதிலும். அப்படியானால் நாளுக்குப் பத்து டம்ளர் நீயா குடித்தாய்? ஆமாம் என்றேன், வேறென்ன சொல்ல? கண்ணில் நீர் வரச் சிரித்தாள், சிரிப்பு அடங்கியதும், இதைத் தெரிந்துகொள்ளத்தானே இங்கே ஆராய்ச்சிக்கூடம் திறந்தோம், எங்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டிருந்தால் எந்த ஜென்மத்தில் தெரிந்திருக்கும் என்கிறாள்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலையை நீட்டிக்க ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள், விருந்தாளி வராவிட்டால் குடிக்கிறார்களா என்று பார்க்கவேண்டுமாம், ஆறு வாரத்துக்கு அந்த வீடுகள் பக்கம் யாரும் தலைகாட்டக் கூடாது, முக்கியமாக நீ. சரி என்று கைகொடுத்துச் சத்தியம் செய்யாத குறை.

பேருந்தில் ஜன்னலோர இடமே கிடைத்தது, இன்றைக்கு என் நாள். வீட்டுக்காரரிடம் நேரில் சொல்லவேண்டும், போனில் சொன்னால் முகத்தைப் பார்க்க முடியாது, முதலில் உம்மென்று உள்ளே போய் உட்கார்ந்து கொஞ்சம் பயமுறுத்தினால் என்ன... என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கிறது, தையல்கார அக்கா. "ஆராய்ச்சிக்காரம்மா, நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, வந்துடுவீங்கல்ல? சின்னவ பாஸாயிட்டா! யார்கிட்டயும் இன்னும் சொல்லல, உங்ககிட்டதான் முதல்ல." வர முடியாது அக்கா, ஆறு வாரம் கழித்து வருகிறேன், இவ்வளவுதான் சொல்லவேண்டும், அதற்குத்தான் வாயைத் திறந்தேன். "வராம இருப்பேனா அக்கா!" என்றேன். போனை வைத்துவிட்டுத் திகைத்து உட்கார்ந்திருக்கிறேன், இதைச் சொன்னது யார், நானா, கொடுத்த வாக்கின் ஈரம்கூடக் காயவில்லையே, நாளைக்கு ஒரு டம்ளர் போய்த் தலைமை அலுவலகத்தில் விழுமே... வாசலோடு பேசிவிட்டு வந்துவிடலாமா, தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? சொல்வேனா நான்? அவர்கள் எனக்காகத்தான் பிடித்தார்கள், சரி, நான் யாருக்காகக் குடித்தேன்? நாளுக்குப் பத்து டம்ளர், ஆறு மாதம், ஒரு நாளாவது எனக்குத் தாகம் எடுத்ததா?