வியாழக்கிழமைப் புடவை

பீரோவைத் திறந்த ராஜமேரி அப்படியே நின்றாள். பிறகு குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்தாள்.

"தம்பி, வூட்டுல திருடன் கிருடன் பூந்துட்டானா?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அருள்நாதன் இல்லையென்று தலையாட்டினான். ராஜமேரி அவன் மனைவியின் அக்கா. வெந்நீர் போட்டுவிட்டு, தங்கைக்கு உடுத்தப் புடவை எடுக்க வந்திருந்தாள். பாக்கியமேரி முன்னறையில் பெஞ்சில் கிடந்தாள். மஞ்சள் காமாலை. முந்தின நாள் சாயங்காலம் தருமபுரி ஆஸ்பத்திரியில் முடிந்துபோனது.

"ஆறே ஆறு இருக்குது. அத்தனையும் வாயில் நூல்புடவை. கல்யாணக் கூறை எங்கீங்க?"

அவன் திறந்த பீரோவைப் பார்த்தான். வண்டி பிடித்தது, சவப்பெட்டிக்குச் சொன்னது, பங்குச் சாமியாரைப் பார்த்தது எல்லாம் மற்றவர்கள்தான். அவனைக் கேட்டது இந்த ஒன்றை மட்டும். இதையாவது சரியாகச் செய்ய வேண்டும் என்றிருந்தது.

செல்லம்மாள் ஒரு பையோடு உள்ளே வந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் போடும் போர்டின் முன்னே பாக்கியத்துக்குப் பக்கத்து ஸ்டூல்காரி.

"தேடாதீங்கக்கா. மிச்சமெல்லாம் எங்ககிட்டத்தான் இருக்குது. நான் கட்டியிருக்கறதே அவளுதுதான். காலையில எதுன்னு பாக்காம எடுத்துக் கட்டிட்டன்."

"எல்லாத்தையும் குடுத்துட்டாளா? கூடப் பொறந்தவளுக்கு ஒண்ணு இல்ல?"

"உங்களுக்குன்னு ஒரு பச்சை வெச்சிருந்தா. நான்தான் புடுங்கிட்டன்."

"அடிப்பாவி!" ராஜமேரி சிரித்துவிட்டாள். உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செல்லம்மாள் கட்டிலில் பையைக் கவிழ்த்தாள்; புடவைகள் சரிந்தன. "மாசம் பூரா ஒவ்வொண்ணா வேலைக்குக் கட்டிவந்து பாத்தாக்கா. நைலக்ஸ் ஸ்டூல்ல வழுக்குதுன்னா. கழிச்சா. சரிகை ஹெட்போன் வயர்ல மாட்டுதுன்னா. அதையும் கழிச்சா. ஒருநாள் அந்தச் சரிகையோட எந்திரிச்சவ நாலு லைனைப் புடுங்கிட்டுப் போயிட்டா. அரூர் மண்டிக்காரரு போன்ல கத்து கத்துன்னு கத்தறாரு, இவ வயரை அவுத்துக்கிட்டே சாரி சார் சாரி சார்ங்கறா."

"அதுக்காக இப்பிடியா?"

"நானும் கேட்டன். உன்னை யாருடி பாக்கறாங்க, குரலைத்தான கேக்கறாங்க, அப்ப ஆறு எதுக்கு, ஒண்ணே போதுமேன்னு. எனக்குக் கண்ணில்லையான்னா."

முன்னறையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கட்டிலில் கிடந்தவற்றில் கூறைப்புடவை இல்லை.

"மாதாகிட்ட இருக்குது" என்றான் அருள்நாதன்.

இருவரும் திரும்பினார்கள்.

"மே மாச வணக்கத்துக்கு, செலைக்குச் சாத்தச் சொல்லிக் குடுத்துட்டா. வேலைக்கு ஆவாது, பொட்டியில கெடந்து மடிப்புல கிழியுதுன்னா."

ராஜமேரி நெற்றியில் கைவைத்தாள். "சாமியார் மந்திரிச்ச கூறைங்க. புருசன் இருக்கறப்பப் போறவ அதுலதான் போவணும். நாலு சனம் என்ன சொல்லும்? யாரையாவது கோயிலுக்கு அனுப்புங்க. பூசைக்கு முன்னால கழட்டியாந்துடலாம்."

"பொம்பளைங்க நாமளே போயி மாதாவோட புடவைய உருவறதாக்கா?" என்றாள் செல்லம்மாள். "எங்க சாமியா இருந்தாலும் கூச்சமா இருக்கும்."

"வேற ஒண்ணு கட்டிவுட்டுத்தான்டி உருவணும்! இந்த நைலக்ஸைக் கட்டலாம்."

"வழுக்குமே."

இந்த முறை ராஜமேரி பொத்திக்கொள்ளவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். "நீங்கதான் சொல்லோணும் தம்பி. ஆளனுப்பட்டுமா?"

"வேண்டாங்கக்கா. அவ குடுத்தது."

எழுந்து பீரோவிடம் போனான். ஆறும் கஞ்சி போட்டு, இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தன.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்" என்றாள் செல்லம்மாள்.

"மேல இருக்கறது திங்கக்கெழமைக்கு. அவதான் அடுக்கினா."

மேலே மூன்றை விட்டுவிட்டு அடுத்ததை உருவினான். வெளிர்நீலம், சின்ன வெள்ளைப் பூக்கள். ராஜமேரியின் கையில் கொடுத்தான். அவள் கட்டைவிரலால் கரையைத் தடவினாள்.

"மொடமொடன்னு வெச்சிருக்கா பாரு." நிமிர்ந்து கேட்டாள்: "கூறை எங்கன்னு யாராச்சும் கேட்டா?"

"கோயிலுக்கு வந்து பாக்கச் சொல்லுங்க."

அவர்கள் முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்கள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து செல்லம்மாளின் குரல்.

"முந்தானையை இழுத்து இடுப்புல சொருகுங்கக்கா. போர்டுல அப்பிடித்தான் உக்காருவா."

"பொட்டியில படுக்கறவளுக்கு எதுக்குடி?"

"சொருகுங்க சொல்றன்."

அருள்நாதன் கட்டிலில் கிடந்தவற்றைப் பையில் மடித்து வைத்தான். பீரோக் கதவைத் தள்ளினான். கல்யாணத்துக்குப் பிறகு தோளைக் கொடுத்து அழுத்தாமல் அது ஒருநாளும் மூடியதில்லை. இப்போது ஒரு விரலுக்கு மூடிக்கொண்டது.

திறந்தான். மறுபடி ஒரு விரலால் தள்ளிப் பார்த்தான்.