அப்பாவின் புல்மேடு

புல்லை அரிந்துகொண்டே வந்த கோ மாமா, அப்பாவின் கல்லறையை எட்டியதும் அரிவாளை நிறுத்தினார். பழைய கல்லறைகளைத் தோண்டி எலும்பு எடுத்துக் கொடுப்பது அவர் தொழில்.

"கிட்ட வராதீங்க."

சியோக்குவான் அண்ணனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பூப்போட்ட ஓடு பதித்த முகப்புக்குப் பின்னால், மண்மேட்டின் சரிவில், காட்டுக்கோழிப் பெட்டை ஒன்று அடையில் கிடந்தது. இத்தனை பேச்சுக்கும் அது பறக்கவில்லை.

அம்மாவைக் காலையில்தான் எரியூட்டியிருந்தார்கள். அப்பாவின் எலும்புகளையும் இன்றே எடுத்து எரித்து, இருவரையும் சாம்பல் தாழிகள் வைக்கும் கோபுரத்தில் ஒரே மாடத்தில் வைப்பதாக ஏற்பாடு. "என்னைத் தனியா விட்டுடாத" என்று ஆஸ்பத்திரியில் அம்மா கேட்டபோது சியோக்குவான்தான் தலையாட்டினாள்.

"குச்சியால தள்ளிவிடுங்க மாமா. நாளைக்கு நான் கப்பல் ஏறணும்," என்றான் அண்ணன் பெங்தியோங்.

"தள்ளினா திரும்ப அடைக்கு வராதுப்பா. அடுத்த மாசம்னா குஞ்சு பொரிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கும்."

"அதுக்குள்ள ரோடு போடறவன் மிஷினோட வந்துட்டா?"

கோ மாமா அரிவாளில் ஒட்டிய புல்லை வழித்துப் போட்டார். தைனான் நகரின் இந்தப் பழைய இடுகாட்டின் வழியே ரோடு போடத் திட்டம்; இதைப் புராதனச் சின்னமாகக் காக்கச் சொல்லிப் போட்ட வழக்கு இன்னும் முடியவில்லை. எதிர்ச்சரிவில் ஏற்கெனவே தோண்டிய இடம் ஒரு புல்கூட இல்லாமல் வெறிச்சென்று கிடந்தது.

சியோக்குவானே குச்சியை எடுத்தாள். கோழி உடம்பை இன்னும் தாழ்த்தி முட்டைகளோடு ஒட்டிக்கொண்டது. அதன் கழுத்து துடித்தது. அவளுக்குக் கை எழவில்லை.

"குடு இங்க," என்று அண்ணன் குச்சியைப் பிடுங்கினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குச்சி தூரத்தில் எங்கோ போய் விழுந்த சத்தம் கேட்டது.

"அடுத்த மாசம் நான் ஊர்ல இல்லேன்னாலும் நீ வந்து எலும்பை எடுத்துடுவியா?" என்றான் அண்ணன்.

"மகன்தானேண்ணே கூப்பிடணும்?"

"உனக்கும் அப்பாதானே."

மண்வெட்டி விழுமுன், 'எழுந்திருங்க, வீடு மாத்தறோம்' என்று மகன் உரக்கக் குரல் கொடுப்பது வழக்கம். பெங்தியோங் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அப்பா, அடுத்த மாசம் தங்கச்சி வந்து கூப்பிடுவா," என்றான் தணிந்த குரலில். "அதுவரைக்கும் தூங்குங்க."

எலும்பில் வெயில் படாமலிருக்கக் கொண்டுவந்த கறுப்புக் குடையைக் கோ மாமா பிரிக்காமலே கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

மாலையில், கோபுரத்துப் பணியாள் அம்மாவின் சாம்பல் தாழியை மாடத்தின் நடுவில் வைத்தார்.

"நடுவுல வேணாம்," என்று சியோக்குவான் அதை ஓரமாக நகர்த்தினாள்.

அண்ணன் சட்டைக் கையை இழுத்துவிட்டு, மறுபாதியில் படிந்திருந்த தூசியைத் துடைத்தான்.