அரசி சாப்பிட்டாள்

ஆரணியில் பட்டுத் தறிகளை மனைவி ஹேமலதா பார்த்துக்கொள்ள, வேணுகோபால் மாடியறையில் உட்கார்ந்து ஏழு சரித்திர நாவல்கள் எழுதியிருந்தார். போரும் சூழ்ச்சியும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பெண்கள் மட்டும் கைக்கு வரவில்லை. ஏழாவது நாவலுக்கு மதிப்புரை எழுதிய ஒரு பேராசிரியர், "இவருடைய அரசிகள் அழுதால் எனக்குக் கொட்டாவி வருகிறது" என்று எழுதிவிட்டார். பத்திரிகையை வேணுகோபால் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டார். அந்த வரி மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை.

எட்டாவது நாவல் தெள்ளாற்றுப் போரில் வென்ற நந்திவர்மனைப் பற்றியது. அதில் ஒரு அத்தியாயம்: மன்னன் களத்தில் விழுந்துவிட்டான் என்று அரண்மனைக்குப் பொய்ச் செய்தி வருகிறது. கல்வெட்டில் அப்படி எதுவும் கிடையாது, எல்லாம் அவர் கற்பனை. ஒன்பது முறை எழுதினார். ஒன்பது முறையும் அரசி தலைவிரிகோலமாகத் தூணில் முட்டிக்கொண்டு அழுதாள். படித்துக் காட்டியபோது ஹேமலதா ஜரிகையைப் பிரித்தபடியே, "நல்லாத்தான் இருக்குங்க" என்றாள்.

பத்தாவது முறை எழுதுவதற்குப் பதிலாக, களம்பூர் அரிசி ஆலையில் மேஸ்திரியாக இருந்த தன் நண்பர் ஜீவானந்தத்தைத் தேடிப் போனார்.

"நான் தெள்ளார்ல லாரி மோதிப் பூட்டேன்னு அவளுக்கு போன் பண்ணி சொல்லு. வேற நம்பர்லேர்ந்து பேசு."

ஜீவானந்தம் அவரையே பார்த்தார். "இன்னாபா இது, பாவம் இல்லியா?"

"பத்து நிமிஷம்தான். அப்புறம் நானே எதிர்ல போய் நின்னுடுவேன். சந்தோஷம்தானே படுவா?"

மறுநாள் காலை கல்வெட்டுப் பார்க்கத் தெள்ளாருக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். தெருக்கோடி வரை போய்விட்டு, ஹேமலதா தறிக்கூடத்துக்குப் போன நேரம் பார்த்துத் திரும்பி வந்து மாடியறையில் ஒளிந்துகொண்டார். அங்கே கூடத்தைப் பார்த்த மாதிரி ஒரு சிறிய ஜன்னல் உண்டு. நோட்டும் பேனாவும் தயாராக இருந்தன.

ஒன்றரை மணிக்கு போன் அடித்தது.

"ஆமாங்க, அவரு வூடுதான்" என்றாள் ஹேமலதா. பிறகு, "எங்க?" பிறகு, "உசுரு இருக்குதா?" வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "சரிங்க" என்று வைத்தாள்.

வேணுகோபால் பேனா மூடியைத் திறந்தார்.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு வந்தாள். தட்டில் சோறு போட்டுக் கத்திரிக்காய்க் குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். அவசரமில்லாமல் சாப்பிட்டாள். மறுசோறு போட்டுத் தயிர் ஊற்றிக்கொண்டாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, அவர் மட்டுமே உட்காரும் சாய்வு நாற்காலியில் கால் நீட்டிப் படுத்தாள். தாள்கள் பறக்கும் என்று அவர் ஒருநாளும் வேகமாக வைக்க விடாத மின்விசிறியை முழு வேகத்தில் சுழல விட்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகம் அவ்வளவு தளர்ந்து அவர் பார்த்ததே இல்லை.

அப்புறம் தங்கைக்கு போன் போட்டாள். "பானு, அவரு பூட்டாருடி. இல்ல, அழுவல. தனியா வரமாட்டேங்குது. நீ ஜல்தி வா, உன்னப் பாத்தா வரும்."

வேணுகோபாலின் நோட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை. கால் மரத்துப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

போனை வைத்துவிட்டு மறுபடி கண்ணை மூடியிருந்த ஹேமலதா விழித்தாள். எழுந்து நின்றாள். அலறவும் இல்லை, ஓடி வந்து தொட்டுப் பார்க்கவும் இல்லை. தளர்ந்திருந்த முகம் பழையபடி இறுகியது.

"நாவலுக்காக" என்றார் அவர். "சும்மா ஒரு இதுக்கு."

அவள் மின்விசிறியைக் குறைத்தாள். போனை எடுத்து, "பானு, வர வேணாம். உசுரோடதான் கீறாரு" என்றாள். பிறகு அவரிடம், "கொழம்பு தீந்துபோச்சு. ரசம் வெக்கட்டுமா?" என்றாள்.

அன்று சாயங்காலத்துக்குள் வேணுகோபால் அந்த அத்தியாயத்தை எழுதி முடித்தார். அரசி சாப்பிட்டாள். தயிர் வரை எதையும் விடவில்லை. பட்டு வேகவைக்கும்போது கொதிநீர் பட்டு ஹேமலதாவின் இடது மணிக்கட்டில் உண்டான தழும்பையும் அரசியின் கையில் வைத்தார். பேனாவை மூடும்போது சிரித்துக்கொண்டார்.

ஹேமலதா அதை அச்சில்தான் படித்தாள். "தழும்பு எதுக்குங்க?" என்றாள்.

"அரசின்னா ஒரு அடையாளம் வேணாமா?"

நாவலுக்குப் பரிசு கிடைத்தது. அதே பேராசிரியர், ஒரு பெண்ணின் மனதை இவ்வளவு ஆழமாக யாரும் பார்த்ததில்லை என்று எழுதினார். ஜீவானந்தம் மனது கேட்காமல் இரண்டு பேரிடம் உண்மையைச் சொல்லப்போக, தழும்பையும் வைத்து அரசி யார் என்று ஊர் முழுக்கத் தெரிந்தது. கல்யாணத்துக்குப் போனால் ஹேமலதாவின் இலையையே நாலு பேர் பார்த்தார்கள். தறி வேலைக்கு வந்த கன்னியம்மா, "சாவு சேதின்னா எனக்குத் தண்ணிகூட எறங்காதுக்கா. உனக்கு நல்ல மனசு தைரியம்" என்றாள். இதையெல்லாம் வேணுகோபால் காதில் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தார். வேண்டும் என்றுதான் இருந்தார்.

கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா நடந்தது. பேராசிரியரே வந்திருந்தார். கடைசியில் யாரோ குறும்பாக, "அம்மாவும் ரெண்டு வார்த்தை பேசணும்" என்று மைக்கை நீட்டினார்கள். மண்டபம் அடங்கியது.

"எனக்குப் பேச வராதுங்க" என்றாள் ஹேமலதா. "எல்லாருக்கும் தெரியும், அந்த அரசி நான்தான். எனக்கு சுகர். அன்னிக்குக் காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புடல. ஆஸ்பத்திரிக்குப் போவணும், பாடிய வாங்கணும், எடுத்துக்கினு வரணும். நான் மயக்கம் போட்டு வுழுந்துட்டா அவர யாரு கொண்டாருவாங்க? அதான் சாப்ட்டேன்."

முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பேராசிரியர் எழுந்து நின்று கைதட்டினார். வேணுகோபால் மேடையிலேயே விம்மினார். ஒரு வருடமாக நெஞ்சில் வைத்திருந்த வன்மம் எல்லாம் கரைந்து போவது போலிருந்தது.

ஆட்டோவில் வரும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "என்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல ஹேமா? மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடறியா?"

அவள் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"எனக்கு சுகர் கெடையாதுங்க."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"கல்யாணம் ஆயி முப்பத்தோரு வருஷம். பொண்டாட்டிக்கு சுகர் இருக்குதா இல்லியான்னு தெரியல உங்களுக்கு. அவ மனசுல இருக்கறத எழுதி பரிசு வாங்கிக்கினு வந்துட்டீங்க."

"அப்புறம் ஏன் சாப்ட்ட?"

"பசிச்சுது" என்றாள்.

அடுத்த வாரம் அவள் தறிக்கூடத்து மாடிக்குக் குடிபோனாள். கேட்டவர்களிடம் வேலை அதிகம் என்றாள். மூன்று வேளையும் அவருக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பினாள். ஊரார் அவளைப் புண்ணியவதி என்றார்கள். அவரைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.