பக்கத்துக் குழி

கிர்கிஸ் மலையூரான அத்பாஷியின் பள்ளிக்கூடத்தில், கடைசி வகுப்பறையில் மேஜைகளை ஒட்டிப்போட்டு மேலே கம்பளி விரித்திருந்தார்கள். ஒவ்வொருவராகப் படுக்கவைத்து, சட்டையை ஏற்றச் சொல்லி, வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் பார்த்துக்கொண்டிருந்தாள் புருல். வெளியே நடைவழியில் மேய்ச்சல்காரர்கள் சுவரோரம் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். அவர்களுடைய நாய்கள் குரைக்காமல், உருகாத பனிமேல் படுத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தன.

நாயிடமிருந்து மனிதனுக்கு வந்து, ஈரலில் நீர்க்கட்டியாக வளரும் புழு அது. அதைப் பற்றித்தான் புருல் ஒன்பது வருஷம் ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்தாள். போன இலையுதிர்காலத்தில் திரும்பி வந்தபோது தலைநகரத்து ஆராய்ச்சி நிலையத்தில் இடமில்லை என்றுவிட்டார்கள். மாவட்ட ஆஸ்பத்திரிதான் சேர்த்துக்கொண்டது. ஜெர்மனியில் அவள் ‘கிர்கிஸ்காரி’, இங்கே ‘ஜெர்மன்காரி’.

வயிற்றைக் காட்டியவர்கள் யாரும் ரத்தம் கொடுக்கக் கையை நீட்டவில்லை.

“பயமா?” என்று புருல் தன் நர்ஸான ஷாயிரிடம் கேட்டாள்.

“பயமில்லக்கா. இந்த ஊர்ல ரத்தம்னா ஒரு பேச்சு இருக்கு. அனார்கான் அக்கா வரட்டும், அவங்களையே கேளுங்க.”

அனார்கான் ஒரு மேய்ச்சல்காரனின் விதவை. நாற்பதைத் தாண்டியவள். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு அலுங்காமல் படுத்தாள். திரையில் அவள் ஈரலுக்குள் அக்ரூட் கொட்டை அளவுக்கு ஒரு கருப்பு வட்டம் தெரிந்தது.

“அக்கா, ஒரு கட்டி இருக்கு. அந்தப் புழுவா, வேற ஏதாவதான்னு ரத்தத்துலதான் தெரியும்.”

“இருக்கட்டும். முதல்ல இதைச் சொல்லு தங்கச்சி. என் வீட்டுக்காரர் ரத்தம் இன்னும் உங்க ஜெர்மனியில இருக்கா?”

புருல் கருவியை எடுத்துத் துடைத்தாள். “அவர் கொடுத்தாரா?”

“ஊரே கொடுத்துச்சு. வெளிநாட்டுக்காரங்க ஜீப்புல வந்தாங்க, ஆளுக்கு ஒரு குழாய். ஒரு மாசம் கழிச்சு மறுபடி வந்தாங்க, என் வீட்டுக்காரர் ஸாகினை மட்டும் தேடிக்கிட்டு. உன் ரத்தம் நல்ல ரத்தம்னு சொல்லி ஒரு பை நிறைய எடுத்தாங்க. டீ கொடுத்தாங்க, கைகுலுக்கிட்டுப் போனாங்க. அந்த மனுஷனுக்கு ஒரே பெருமை. குதிரைக்காரங்கள்ட்டல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சார்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. கோடை வெயில் காயற நாள்ல உடம்பு நடுங்குச்சு. கட்டி உடைஞ்சு செத்துப்போனார்.”

ஷாயிர் அடுப்பில் சாணி வரட்டியைப் போட்டாள். அனார்கான் குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

“வியாழக்கிழமையானா செத்தவங்களுக்கு எண்ணெய் காயவச்சு ரொட்டி சுடறோம். எல்லார் வீட்டுக்கும் வர்ற ஆவிங்க வாசனை பிடிச்சிட்டுப் போயிடுவாங்க. இவர் போறதில்ல. நட்டநடு மத்தியானத்துல அவர் படுக்கற பக்கம் கையை வச்சா பனிக்கட்டி. என் பொண்ணும் தொட்டுப் பார்த்தா. ரத்தத்தை ஐஸ் பெட்டியில வைப்பீங்கன்னு ரேடியோவுல கேட்டப்பதான் எனக்குப் புரிஞ்சுது. பாதி உடம்பு அங்க குளிர்ல கிடக்குது. திருப்பி வாங்கிக் கொடு. அதையும் புதைச்சிடறேன்.”

புருல் எழுந்து முற்றத்துக்குப் போனாள். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில்தான் போன் எடுக்கும். நாய்கள் விலகி வழிவிட்டன.

பழைய ஆய்வுக்கூடத்தின் உறைபெட்டியில், அடித்தட்டில், இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து போன பை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பேர் கிடையாது, வெறும் எண். மற்ற ரத்தத்தையெல்லாம் அதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் சோதிப்பார்கள். நோய் உள்ள ரத்தம் எப்படி நிறம் மாறும் என்று காட்ட அது வேண்டும். அவர்கள் அதைக் ‘கிழவர்’ என்பார்கள். சோதனைத் தட்டின் குழியில் மஞ்சள் ஏறியதும் “கிழவர் பேசிட்டார்” என்று புருலும் சொல்லியிருக்கிறாள். செத்தபோது ஸாகினுக்கு என்ன வயதிருக்கும்? அனார்கானுக்கே இப்போதுதான் நாற்பது தாண்டியிருக்கிறது.

ராய்னர் உற்சாகமாகப் பேசினான். ஜெர்மனியில் அவளோடு ஒரே மேஜையில் வேலை பார்த்தவன்.

“கிழவரையா? அனுப்ப முடியாது புருல், அது நிலையத்தோட சொத்து. அவர் இல்லேன்னா நாங்க விக்கிற சோதனைப் பெட்டி ஒண்ணும் தேறாது.”

“ரெண்டாவது தடவை அவரை மட்டும் எதுக்குத் தேடிப் போனாங்க?”

“அவ்வளவு பலமா நோய் காட்டின ரத்தம் வேற கிடைக்கல. அதான்.”

“அப்ப நோய் இருக்குன்னு தெரியும்.”

“மருத்துவம் உங்க ஊர் அதிகாரிகள் பொறுப்புன்னு ஒப்பந்தத்துல இருந்துச்சு” என்றான். பிறகு ஆறுதல் போலச் சொன்னான்: “அவர் உன்கிட்டதான் இருக்கார். உங்க ஆஸ்பத்திரி வாங்கின சோதனைப் பெட்டியைத் திற. ஒவ்வொரு பெட்டியிலயும் அவர் ரத்தத்துல கொஞ்சம் வைப்போம், சிவப்பு மூடி போட்ட குப்பியில.”

வகுப்பறைக்குத் திரும்பிப் பெட்டியைத் திறந்தாள். விரல்நுனி அளவு கண்ணாடிக் குப்பி, உள்ளே ரத்தத்திலிருந்து பிரித்த வெளிறிய நீர். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் அதை அனார்கானின் உள்ளங்கையில் வைத்துக் கேட்டதையெல்லாம் சொன்னாள்.

அனார்கான் அழவில்லை. குப்பியைச் சட்டைக்குள் கொண்டுபோய் அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

“எவ்வளவு சில்லுனு இருக்கார்” என்றாள்.

“அக்கா, எனக்கு அதுல ஒரு சொட்டு வேணும். அது இல்லாம உங்க ரத்தத்தைப் படிக்க முடியாது. வெளிய உக்காந்திருக்கறவங்களோடதையும் முடியாது.”

“செத்த பிறகும் வேலையா?”

அவள் குப்பியை வெளியே எடுத்துக் கொடுத்து, கையையும் நீட்டினாள். “எடுத்துக்கோ. எல்லாருக்கும் சொட்டு சொட்டா எடு. என்னோடதை அவர் பக்கத்துல வை. மிச்சம் எனக்கு.”

நடைவழியில் ஒருவரைப் பார்த்து ஒருவராகச் சட்டைக்கையைச் சுருட்டத் தொடங்கினார்கள்.

கடைசித் திரவத்தை ஊற்றும்போது ஜன்னலில் இருட்ட ஆரம்பித்திருந்தது. குழிகள் நிறைந்த பிளாஸ்டிக் தட்டைப் புருல் விளக்குக்கு நேராகப் பிடித்தாள். பல குழிகள் நிறமில்லாமல் நின்றன. மேல் வரிசையில் அடுத்தடுத்து இரண்டு குழிகளில் மட்டும் ஒரே அடர்த்தியாக மஞ்சள் ஏறியது.

அனார்கான் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

“இதுல எது அவர்?”

புருலுக்குத் தெரியவில்லை. தட்டைத் திருப்பி, ஓரத்தில் அச்சிட்டிருந்த எழுத்தைத் தேடினாள்.