அத்தை குளித்தால் இறங்கும் டீசல்

இன்னொரு தடவை டீசல் இல்லாமல் வண்டி நடுரோட்டில் நின்றால், அதை விற்றுவிட வேண்டும். இது மனைவி போட்ட உத்தரவு. போன வாரம் பாலத்தின் மேல் நின்றுபோய், பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே மானத்தை வாங்கிய அன்று போட்டது. கணவன் தலையாட்டினான். படுக்கை, அடுப்பு, குளியலறை என்று சகலமும் உள்ளேயே இருக்கும் அந்த வீட்டுவண்டி மேல் அவனுக்கு உயிர். விற்றால் அவனுக்குச் சோறு இறங்காது.

பாலத்தில் நின்றபோதும் டீசல் முள் முக்காலில்தான் இருந்தது. அப்படியானால் முள்தான் குற்றவாளி. மலைமேல் வண்டிகள் தங்கும் மைதானத்தில் நிறுத்திவிட்டு, காலையிலேயே டேஷ்போர்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். தான் ஒரு பெரிய மெக்கானிக் என்று அவனுக்கு நினைப்பு. அவனைத் தவிர வேறு யாருக்கும் அந்த நினைப்பு கிடையாது. ஃபியூஸை மாற்றினான், எர்த் ஒயரைச் சுரண்டினான், மீட்டர் கண்ணாடியைத் தட்டினான், கடைசியில் கெஞ்சியும் பார்த்தான். முள் அசையவில்லை.

அப்போதுதான் கூட வந்திருந்த மாமியார் துண்டோடு குளிக்கப் போனார். உள்ளே ஷவர் சத்தம் கேட்டது, பாட்டுச் சத்தமும் கேட்டது. முள் மெல்ல இறங்க ஆரம்பித்தது. அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எஞ்சின் ஓடவில்லை, சாவி மட்டும்தான் திருப்பியிருந்தது. அத்தை ஷவரையும் பாட்டையும் நிறுத்தியதும் முள்ளும் நின்றது.

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான். பிறகு முகம் பளிச்சென்று ஆனது. குளியலறை வண்டியின் பின்கோடியில் இருக்கிறது. அத்தை அங்கே போனால் பின்பக்கம் தாழ்கிறது, டாங்கில் டீசல் ஒரு பக்கமாகச் சாய்கிறது, அளவு காட்டும் மிதவை ஏமாந்துபோகிறது. இதைக் கண்டுபிடித்த மூளையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

"அத்தை, தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் முன்னாடி வந்து நில்லுங்க. அப்புறம் பின்னாடி போங்க."

தலையில் துண்டோடு வந்தவர் முறைத்தார். "எதுக்கு மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்ல அத்தை, சும்மா... எடை..."

"ஓஹோ. நான் குண்டா இருக்கறதாலதான் டீசல் தீருதா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்வேனா!"

"வேற எப்படிச் சொல்லுவீங்க?"

இருந்தாலும் மகளின் முகத்துக்காக முன்னும் பின்னும் நடந்து காட்டினார். குதித்தும் காட்டினார். அலமாரியிலிருந்து இரண்டு தட்டுகள் விழுந்தன, முள் மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது. "இப்ப யாரு குண்டு?" என்று கேட்டுவிட்டு, மிச்சக் குளியலை முடிக்கப் போனார். ஷவர் திறந்தது. முள் இறங்கியது.

மனைவி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு வெளியே இறங்கினாள். மைதானத்துக் குழாயிலிருந்து ட்யூபை இழுத்து, வண்டியின் தண்ணீர் டாங்கில் சொருகித் திறந்துவிட்டாள். முள் ஜம்மென்று மேலே ஏறியது.

"ஏறுது! டீசல் ஏறுது!" என்று கத்தினான் அவன். கத்தி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

போன மாதம் அடுப்புக்கு மேலே, டாங்கில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மீட்டர் ஒன்றைப் புதிதாக மாட்டியது சாட்சாத் அவன்தான். டீசல் டாங்கிலிருந்தும் தண்ணீர் டாங்கிலிருந்தும் தரைக்கு அடியில் வரும் இரண்டு ஒயர்களும் ஒரே பழுப்பு நிறம். எதை எதில் சொருகினோம் என்று இப்போதுதான் யோசித்தான்.

"என்னங்க," என்றாள் மனைவி, ரொம்ப நிதானமாக. "அப்படின்னா அடுப்புக்கு மேல இருக்கறது எதைக் காட்டுது?"

மூவரும் போய்ப் பார்த்தார்கள். எவ்வளவு தண்ணீர் பிடித்தாலும் ஏறவில்லை என்று அவன் தினமும் திட்டிக்கொண்டிருந்த அந்த முள், அடிக்கோட்டை ஒட்டிக் கிடந்தது.

பெட்ரோல் பங்க் மலையடிவாரத்தில்தான். கேன் வாங்கிக்கொண்டு நடந்தே போய்வருகிறேன் என்றான். "வேணாம். வண்டியிலயே போவோம். நின்னா நிக்கட்டும், அங்கேயே வித்துடலாம்," என்றாள் அவள். அவனுக்குக் கண் கலங்கியது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மாமியார் அடுப்படியில் நின்று முள்ளைப் பார்த்துக்கொண்டார். "கோட்டுல இருக்கு மாப்பிள்ளை... கோட்டுக்குக் கீழ போயிடுச்சு... இப்ப முள்ளையே காணோம்!"

கடைசி வளைவில் எஞ்சின் இருமி அணைந்தது. ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. ஆனால் இறக்கம் என்பதால் வண்டி சத்தமில்லாமல் உருண்டது. வண்டி நத்தை வேகத்தில் பங்குக்குள் நுழைந்து, டீசல் போடும் பையன் முன்னால் தானாகவே நின்றது.

"நின்னுடுச்சு," என்றாள் மனைவி.

"எஞ்சின்தான் நின்னுச்சு! வண்டி நடுரோட்டுல நிக்கவே இல்ல!"

"அம்மா, நீயே சொல்லு. வண்டி நின்னுச்சா, இல்லையா?"

மாமியார் அவசரப்படவில்லை. தலைத் துண்டை அவிழ்த்து, உதறி, நிதானமாக மடித்தார். எடை என்று இழுத்த வாய்க்கு இது வேண்டியதுதான் என்று அவன் தன்னையே சபித்துக்கொண்டான்.

"நான் பாத்த வரைக்கும் நிக்கல," என்றார்.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலில் விழப் போனவனைக் கையால் தடுத்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் மாப்பிள்ளை. முதல்ல அந்த ஒயரை ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு மாத்துங்க. நான் எவ்வளவு நேரம் குளிக்கறேன்னு நீங்க அங்க உக்காந்து பாக்க வேணாம்."